பின்சீட்டுக்குத் தைத்த பை

என் அக்கா துணி தைப்பவள். யார் அளவு கொடுத்தாலும் அதைவிட இரண்டு விரல் தளர்த்தித்தான் தைப்பாள். "மூச்சு விட வேணாமாடா?" என்பாள். சிக்கென்று வேண்டும் என்று கேட்டவர்கள் முறைத்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது?

அவள் வீட்டுக்காரர், என் மாமா, விடுமுறை வந்தால் போதும், கூடாரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மலைப்பக்கம் கிளம்பிவிடுவார். சர்க்கரை நோய் அவர் இரண்டு கண்களையும் பறித்துக்கொண்டது. அதன்பின் நாற்காலியே கதி. முகம் கொடுத்து யாரிடமும் பேசுவதில்லை. பாவி மனுஷன், ரேடியோவைக்கூட அணைக்கச் சொல்லிவிட்டார்.

அக்கா என் சைக்கிள் கடைக்கு வந்து நின்றாள். "ரெண்டு பேர் மிதிக்கிற வண்டி கிடைக்குமாடா? இப்படியே விட்டா அந்த நாற்காலியிலயே செத்துடுவாரு."

அலைந்து திரிந்து பழைய வண்டி ஒன்றைப் பிடித்துப் பழுது பார்த்தேன். விஷயத்தைச் சொன்னதும் மாமா அக்காவிடம் சொன்னார்: "என்னையும் ஒரு மூட்டையாக் கட்டிப் பின்னாடி வெச்சுக்கப் போறியா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

பயணச் சாமான் வைக்க, பின்சீட்டுக்கு முன்னால் சட்டத்தில் மாட்டுகிற பை வேண்டியிருந்தது. கடையில் விற்கும் எதுவும் அந்த வண்டிக்குப் பொருந்தவில்லை. செய்தித்தாளைச் சட்டத்தின்மேல் வைத்து அளவு வெட்டி, அவளே தைக்க உட்கார்ந்தாள். தண்ணீர் இறங்காத முரட்டுத் துணி. ஒருமுறை ஊசி இறங்கினால் அந்த ஓட்டை மூடாது. அதனால் குண்டூசிக்குப் பதில் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டித் தைத்தாள். ஒவ்வொரு ஜிப்பின் நுனியிலும் ஒரு அடையாளம் கட்டினாள்: ஒன்றில் பாசிமணி, ஒன்றில் கயிற்று முடிச்சு, ஒன்றில் பெரிய பட்டன். தடவினாலே எது எந்தப் பை என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம்.

"ஒரே ஒரு தடவை உக்காந்து பாருங்க. பிடிக்கலைன்னா வித்துடறேன்" என்று கெஞ்சினாள். நச்சரிப்பு ஓயட்டும் என்றுதான் மாமா வந்தார். கடை வாசலில் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சீட்டில் ஏற்றினோம். மிதித்துப் பார்த்தார். சரக், சரக் என்றது.

"என்னது இது, முட்டியில உரசுது?" குனிந்து, காலுக்கிடையில் இருந்த பையைத் தடவினார். "தலகாணி மாதிரி உப்பிக்கிட்டிருக்கு! இதுக்கும் மூச்சு விட இடம் விட்டியா?"

ஆமாம், விட்டிருந்தாள்! பக்கத்துக்கு இரண்டு விரல். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அக்கா முகம் செத்துப்போயிருந்தது. "பிரிச்சா ஊசி ஓட்டை அப்படியே நிக்குமே, தண்ணி இறங்கிடுமே" என்றாள். இதையே சாக்காக வைத்து இறங்கிப் போய்விடுவார் என்று பயந்தாள். நானும்தான்.

மாமா இறங்கவில்லை. "பிரி. ஓட்டைய நான் அடைக்கிறேன்" என்றார்.

அக்கா பிரித்து இறுக்கித் தைத்துக் கொடுக்க, மாமா விரல் நுனியால் துணியைத் தடவித் தடவி, அகப்பட்ட ஒவ்வொரு ஓட்டையிலும் பசையை வைத்தார். சட்டைக் கையெல்லாம் பசை. அக்காவைத் திட்டிக்கொண்டே செய்தார். எனக்கு அந்தத் திட்டு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

முதல் பயணத்துக்கு நானும் என் வண்டியில் பக்கத்திலேயே போனேன். முன்னால் அக்கா, பின்னால் மாமா. இருவர் மிதியும் சங்கிலியால் பிணைந்தவை. ஒருவர் கால் தளர்ந்தால் மற்றவருக்குத் தெரிந்துவிடும். ஊர் தாண்டியதும் நீளமான மேடு வந்தது. நாளெல்லாம் மெஷின் முன் உட்கார்ந்தே பழகிய அக்காவுக்குப் பாதியிலேயே மேல்மூச்சு வாங்கியது.

"கால் ஓஞ்சுபோச்சா?" என்றார் மாமா.

"முடியலைங்க. இறங்கித் தள்ளிடலாம்."

"இறங்காத. நீ வழிய மட்டும் பாத்துக்க. மேட்டுல நான் ஏத்தறேன்."

தலையைக் குனிந்து மிதித்தார். வண்டி நிற்காமல் ஏறியது. அக்காவுக்குக் கண்ணீர் கொட்டியது. ஹேண்டிலை விட முடியாததால் அவள் அதைத் துடைக்கவில்லை, அப்படியே ஓட்டினாள்.