வாயை மூடச் சொல்லிக்கொடுக்கும் வேலை

ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்துவதுகூட எளிது. அவர்களைப் பாடம் நடத்தாமல் உட்கார வைப்பதுதான் கஷ்டம். நான் திருவண்ணாமலையில் சிறப்புப் பயிற்றுநர். வகுப்பில் பின்தங்கும் பிள்ளைக்கு உண்மையில் என்ன சிரமம், எந்த மாதிரி உதவி வேண்டும் என்று மதிப்பிட, பள்ளி ஆசிரியர்களைத் தயார் செய்வது என் வேலை. சனிக்கிழமை பயிற்சி என்று செய்தி வந்ததும் வயிற்றெரிச்சலோடு பஸ் ஏறும் கூட்டத்தைச் சேர்ந்தவரா நீங்கள்? பயிற்சி கொடுப்பவளுக்கும் அதே சனிக்கிழமைதான், அதே ஆறிப்போன டீதான். ஒரு பயிற்சியில் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நான் மாணவியான கதை

மதிப்பீட்டில் முதல் விதி, பிள்ளை தப்பாகச் சொன்னால் தப்பாகவே விட்டுவிட வேண்டும். திருத்தக் கூடாது, தலையாட்டக் கூடாது, "அப்படியா?" என்று இழுக்கக் கூடாது. நாம் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்பதே தெரியாமல் போய்விடும். காலையில் இதை விலாவாரியாகச் சொன்னேன். எல்லோரும் பவ்யமாக எழுதிக்கொண்டார்கள். பிறகு ஒத்திகை. நான்தான் மாணவி. மதிப்பீடு செய்பவர் சண்முகம் சார், ஓய்வு பெறும் நாளை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் கணக்கு வாத்தியார்.

"மூணும் நாலும் எவ்ளோ?" என்றார். வேண்டுமென்றே "எட்டு" என்றேன். சாருக்கு முகம் வாடிவிட்டது. "எட்டா? நல்லா யோசிச்சு சொல்லும்மா" என்றார். நான் அசரவில்லை. அவர் மேஜைக்கடியில் விரல்களை விரித்துக் காட்டினார். நான் பார்க்காதது போல இருக்கவே, கையை மேஜைக்கு மேலேயே கொண்டுவந்துவிட்டார். கூடமே சிரித்தது. "சார், விதி" என்று ஞாபகப்படுத்தினேன். அவர் சிரிக்கவில்லை. "மேடம், நீங்க எட்டுன்னு சொல்லிட்டு அப்படியே எழுந்து போயிட்டா எனக்கு சோறு எறங்காது."

மலைக்குத் தப்புப் போடலாமா?

மதியம் பக்கத்துப் பள்ளியிலிருந்து முதல் வகுப்புப் பிள்ளைகளை வரவழைத்திருந்தோம். படம் காட்டிப் பெயர் கேட்கும் அட்டைகள் எங்களிடம் உண்டு. பூனை, குடை, நாற்காலி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. மலைப் படம் வந்தது. ஒரு வாண்டு அதை உற்றுப் பார்த்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு "சாமி" என்றது. அடுத்து வந்த பிள்ளை சொன்னதும் "சாமி"தான். விடைக் குறிப்பிலோ "மலை" என்று மட்டும் இருக்கிறது. அட்டையை அச்சடித்தவர் எந்த ஊரோ, பாவம்; ஜன்னலைத் திறந்தால் மலையே சாமியாக நிற்கிற ஊருக்கு இந்த அட்டை வந்து சேரும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

சண்முகம் சார் பேனாவை மூடி வைத்துவிட்டார். சரி போடுவதா தப்புப் போடுவதா என்று கூடம் இரண்டாகப் பிரிந்தது. "சரி போடுங்க, குழந்தை சொன்ன வார்த்தையையும் பக்கத்துல எழுதுங்க. நாம பாக்குறது அதுக்கு விவரம் புரியுதான்னுதான்" என்று தீர்ப்புச் சொன்னேன். சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நல்லவேளை மேடம், இதுக்குத் தப்புப் போட்டுட்டு நான் எந்த மூஞ்சியோட கிரிவலம் போறது?"

பௌர்ணமியில் பயிற்சி

அடுத்த சனிக்கிழமை, ஆசிரியர்கள் தங்கள் வகுப்புப் பிள்ளையையே கூட்டிவந்து மதிப்பிடும் நாள்; அன்று பௌர்ணமி. இந்த ஊரில் பௌர்ணமிக்குப் பயிற்சி வைப்பவர் நிச்சயம் வெளியூர்க்காரர்தான். பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து தமிழ்ச்செல்வி டீச்சர், தன் இரண்டாம் வகுப்பு மாணவி யாழினியையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு, கூட்டத்தில் நசுங்கி நடந்தே வந்து சேர்ந்தார். யாழினிக்குப் படிப்பு ஏறவில்லை, சொன்னது எதுவும் மண்டையில் நிற்கவில்லை, டவுனில் ஹாஸ்டலோடு இருக்கும் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பிவிடலாமா என்று அவர்கள் தலைமையாசிரியர் யோசித்துக்கொண்டிருந்தார். ஹாஸ்டல் என்ற வார்த்தை காதில் விழுந்த நாளிலிருந்து அம்மாவுக்குச் சரியான தூக்கமில்லை. டீச்சருக்கும் பிள்ளையை விட மனசில்லை. இன்றைய மதிப்பீட்டில் இவள் எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடியும் என்று நம்பி வந்திருந்தார்.

அம்மா நிலக்கடலைக் கொல்லையில் வேலை செய்பவர். வந்ததும் வராததுமாக என்னிடம் புகார். வழியில் பின்னால் ஒரு ஆட்டோ ஹாரனை அலறவிட, ஊரே ஒதுங்கியதாம். யாழினி மட்டும் பலூன்காரனைப் பார்த்தபடி நடு ரோட்டில் நடந்துகொண்டிருந்தாளாம். டீச்சர் இழுத்திருக்காவிட்டால் அவ்வளவுதான். "எப்பவும் இப்படித்தாங்க மேடம், இவளுக்குப் பராக்கு ஜாஸ்தி."

டீச்சரின் புருவம்

தமிழ்ச்செல்வி டீச்சரே கேள்வி கேட்டார். யாழினி கொஞ்சம் குழறலான பேச்சில் டக் டக்கென்று பதில் சொன்னாள். எல்லாம் சரி. அம்மா முகத்தில் வெளிச்சம். எனக்குத்தான் சந்தேகம். பிள்ளை அட்டையைப் பார்க்கும் நேரத்தைவிட டீச்சர் முகத்தைப் பார்க்கும் நேரம் அதிகம். டீச்சர் முகமோ லேசுப்பட்டதல்ல. சரி என்றால் புருவம் மேலே ஏறும், தப்பென்றால் உதடு சுருங்கும், பதிலின் முதல் எழுத்து சத்தமில்லாமல் வாயில் வந்து நிற்கும். அவருக்கே தெரியாமல் அத்தனையும் நடந்துகொண்டிருந்தது. "டீச்சர், பரீட்சை அட்டையால மூஞ்சிய மறைச்சுக்கிட்டுக் கேளுங்க" என்றேன். அவருக்குக் கோபம், ஆனாலும் மறைத்துக்கொண்டார்.

"யாழினி, குடை எங்க இருக்கு காட்டு" என்றார். அவள் காட்டவில்லை. வெளியே ஒலிபெருக்கி, உள்ளே மின்விசிறி. டீச்சர் சத்தமாகக் கேட்டார். யாழினி எழுந்து, மேஜை மேல் சாய்ந்து, அட்டைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். எனக்குச் சுரீர் என்றது. அவளுக்குப் பின்னால் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. கை தட்டினேன். திரும்பவில்லை. டீச்சர் அட்டையை இறக்கினார். "ஏன் கண்ணு, நான் கேட்டது கேக்கலியா?" என்றார். யாழினி, இது என்ன கேள்வி என்பது போல அவரைப் பார்த்தாள். "மூஞ்சியே தெரியலியே டீச்சர், அப்புறம் எப்படிக் கேக்கும்?"

அம்மாவின் கேள்வி

அரசு மருத்துவமனையில் காதைப் பரிசோதித்தார்கள். இரண்டு காதிலும் கேட்கும் திறன் கம்மி. காது மிஷின் போட்டுக்கொண்டு, முன் பெஞ்சில் உட்கார்ந்து, பேச்சுப் பயிற்சியும் எடுத்தால் ஊர்ப் பள்ளியிலேயே படிக்கலாம் என்றார் டாக்டர். டீச்சர் ஒரு ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தார். பிள்ளை மேல் வைத்த பாசத்தில் புருவத்தாலேயே அவளை இரண்டு வருஷம் கரையேற்றியிருக்கிறார். அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த முகமும் இல்லாமல் போயிருந்தால் பிள்ளை என்ன ஆகியிருக்கும்?

அம்மா மட்டும் டாக்டர் சொன்னதை நம்பாமல், ஹாஸ்டல் உண்டா இல்லையா என்று என்னிடம் இன்னொரு முறை கேட்டார். இல்லை என்றேன். "இவ ஊட்லயே இருப்பாளா?" என்றார். இருப்பாள் என்றேன். பிறகு மகளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டு, அவள் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். "பராக்கு பாக்குறான்னு இந்தக் காதைப் புடிச்சுத்தாங்க எத்தன வாட்டி திருகியிருக்கேன்."

முன் பெஞ்ச்

மிஷின் வந்து கொஞ்ச நாள் கழித்து அந்தப் பள்ளிக்குப் போனேன். யாழினி இரண்டு காதிலும் மிஷினோடு முன் பெஞ்சில் இருந்தாள். வெளியே காக்கை கத்தினால் திரும்புகிறாள், பக்கத்து வகுப்பில் யாரோ திட்டு வாங்கினால் சிரிக்கிறாள். குழறல் இன்னும் இருக்கிறது. படிப்பில் எட்டிப்பிடிக்க வேண்டியதும் நிறைய இருக்கிறது. ஆனால் எழுத்துக்கூட்டி ஒரு பக்கம் வாசித்துக் காட்டினாள். முடித்துவிட்டு டீச்சரின் முகத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

தமிழ்ச்செல்வி டீச்சர் மட்டும் என்னை வாசல்வரை தனியாகத் தள்ளிக்கொண்டு போய், வகுப்புக்கு முதுகைக் காட்டி நின்று, ரகசியமாகக் குறைப்பட்டுக்கொண்டார். "மேடம், முன்னெல்லாம் இவ பக்கத்துல நின்னே ஹெச்.எம். சாரைப் பத்தி என்ன வேணா பேசுவோம். இப்ப திரும்பி நின்னு முணுமுணுத்தாக்கூட 'யாரு டீச்சர்?'னு கேக்குறா. வாயை மூடிக்கிட்டு இருக்க வேண்டியதாப் போச்சு!"

ஆக, இத்தனை சனிக்கிழமைகளைத் தின்றும் என் பயிற்சியால் முடியாததை, ஒரு ரெண்டாங்கிளாஸ் பொண்ணு காதில் மிஷினை மாட்டிக்கொண்டு முன் பெஞ்சில் உட்கார்ந்தே சாதித்துவிட்டாள்.