பொன்னாடைக்கு எவ்வளவு கழிப்பது?

கனடாவின் மொன்றியலில் எங்கள் மக்களின் விளையாட்டுக் கழகம் ஒன்றுக்கு நான் பல ஆண்டுகள் தலைவராக இருந்தேன். அந்தப் பதவியை நான் தேடிப் போகவில்லை. ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் வேறொருவரின் பெயர் முன்மொழியப்படுமா என்று பொறுமையோடு காத்திருந்தேன், முன்மொழியப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் பட்டம் பெற்று, கச்சேரி என்னும் மாவட்ட அரச அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்து, பொய்யான எதற்கும் கையெழுத்திடாதவன் என்ற பெயரோடு இந்த நாட்டுக்கு வந்தவன் நான். வரும்போது கொண்டுவந்த பொருள்களில் பழுதாகாமல் மிஞ்சியது அந்தப் பெயர் ஒன்றுதான்.

அயல் நகரான லவாலுக்கு மெற்றோ ரயில் வந்திராத காலம் அது. கழகத்தின் பெருமை எங்கள் பெண் பிள்ளைகளின் வலைப்பந்தாட்ட அணி. இந்த ஊர்க்காரர்களுக்கு அந்த விளையாட்டு விளங்குவதில்லை. பூங்காவில் நாய் நடத்திச் செல்லும் கனவான்கள் நின்று பார்த்துவிட்டு, கூடைப்பந்துக் கம்பத்தின் பலகையை யார் கழற்றிக்கொண்டு போனார்கள் என்று பரிவோடு விசாரிப்பார்கள். கோடையில் பூங்கா இருந்தது. பனிக்காலத்தில் ஒரு தேவாலயத்தின் நிலவறை மண்டபம் இருந்தது. அந்த ஆண்டு தேவாலயத்தை விற்று, அடுக்குமாடி வீடுகளாக்கத் தொடங்கிவிட்டார்கள். பாடசாலை ஒன்றின் உள்ளரங்கு கிடைக்கும் என்றார்கள். ஆனால் பனிக்காலம் முழுவதற்குமான வாடகையை முன்கூட்டியே கட்டவேண்டும்.

ஒக்ரோபர் மாதத்துக் கடைசி ஆட்டத்தின் முடிவில் ஒலிவாங்கியை என் கையில் தந்தார்கள். குளிரில் மூக்குச் சிவந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்தேன். "இந்தப் பனிக்காலத்திலும் எங்கள் பிள்ளைகள் விளையாடுவார்கள். இது என் வாக்கு" என்றேன். பெற்றோர் கையுறைகளோடு கைதட்டினார்கள். ஓசை சற்று மந்தமாகவே வந்தது. பணம் எங்கிருந்து வரும் என்று அந்தக் கணத்தில் எனக்குத் தெரியாது. ஆனால் வாக்கு வாக்குத்தான்.

லவாலில் ஒரு செல்வந்தர் இருந்தார். அரிசி பருப்பு இறக்குமதியில் தொடங்கி, வாடகைக் கட்டடங்கள் வரை வளர்ந்தவர். கொடுப்பதில் கை தாராளம். கொடுத்ததைப் பிறர் மறக்கவிடாமல் பார்த்துக்கொள்வதில் அதைவிடத் தாராளம். கோயில் மண்டபத்துக்கு அவர் வழங்கிய சுவர்க்கடிகாரத்தில் இலக்கங்களைவிட அவருடைய பெயர் பெரிதாக இருந்தது. நேரம் பார்க்கப் போனவர்கள் அவரைத்தான் பார்த்துவிட்டு வந்தார்கள்.

அவருடைய வீட்டுக்கு நான் நேரில் சென்றேன். உளுந்து வடையும் தேநீரும் வந்தன.

"தாறன் அண்ணை. பிள்ளையளுக்குத்தானே. முழு வாடகையும் தாறன்" என்றார். வடையைப் பிட்டுக்கொண்டே, "வரிக் கழிவுக்கு ரிசீற் மட்டும் எடுத்துத் தாங்கோ" என்றார்.

எங்கள் கழகத்துக்கு அப்படியான ரிசீற் வழங்கும் உரிமை இல்லை. அமெச்சூர் விளையாட்டுக்கென்று பதிவுபெற்ற சம்மேளனம் ஒன்றுக்கு இருந்தது. எங்கள் அணி அதில் அங்கத்துவம் பெற்றிருந்தது. நன்கொடையை அவர்கள் வழியாகப் பெறலாம் என்று பதில் வந்தது. ஒரேயொரு நிபந்தனை: கொடையாளருக்குக் கைமாறாகப் பெறுமதியுள்ள எதுவும் வழங்கப்படவில்லை என்று கழகத் தலைவர் கையெழுத்திட்டுக் கொடுக்கவேண்டும். வழங்கியிருந்தால் அதன் பெறுமதியை ரிசீற்றுத் தொகையிலிருந்து கழிக்கவேண்டும்.

இதைப் பற்றி ஆராய நிருவாக சபையைக் கூட்டினேன். மளிகைக்கடை ஒன்றின் மேல்மாடி அறை. எட்டிக் கைகொடுக்கக்கூடிய தூரத்தில் எல்லோரும் இருந்தோம். ஆயினும் செயலாளர் ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் கொண்டுவந்திருந்தார். டவுன்டவுனில் கணக்காளராக வேலை பார்த்த சென்னைப் பெண்மணி ஒருவரை அழைத்திருந்தோம். அவருடைய மகளும் அணியில் இருந்தாள். அவர் நிபந்தனையை வாசித்து விளக்கினார்.

"அதாவது சார், கொடுக்கிறவருக்குத் திரும்பி ஏதாவது மதிப்புள்ளதா கிடைச்சா அதைக் கழிச்சுடணும். ஆனா இதுல ஒரு விஷயம் என்னன்னா..."

அந்த விஷயம் என்ன என்பதை அன்று எவரும் அறியவில்லை. செயலாளர் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்ப பொன்னாடை போத்தேலாது!" என்றார். அறை அதிர்ந்தது. ஒலிபெருக்கியும் ஒரு காரணம்.

நன்கொடையாளரைப் பொன்னாடை போர்த்தாமல் அனுப்புவது எங்கள் சமூகத்தில் கேள்விப்படாத செயல். மேடையில் நாற்காலி, மாலை, பொன்னாடை, வாழ்த்துரை, புகைப்படம் என்று ஓர் ஒழுங்கு உண்டு. இவற்றுள் எதற்கு எவ்வளவு கழிப்பது? மாலையின் விலையைப் பூக்கடையில் கேட்கலாம். வாழ்த்துரையை எந்தக் கடையில் கேட்பது? விலை சொல்ல முடியாவிட்டால் நான் கையெழுத்திட முடியாது, ரிசீற்றும் கிடைக்காது.

அப்போது டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பொதி ஏற்றும் எங்கள் அங்கத்தவர் ஒருவர் எழுந்தார். தொழிற்சங்கக்காரர், எல்லோரும் அவரைத் தோழர் என்றே அழைப்போம். பணக்காரர்களின் வரியைப் பற்றி அவருக்கு நிலையான அபிப்பிராயம் இருந்தது. நிலையாக எல்லாக் கூட்டங்களிலும் அதைச் சொல்வார்.

"ஐயா, நான் முதுகு முறியப் பெட்டி தூக்கிறன். சம்பளம் கைக்கு வரமுந்தியே வரியைப் பிடிச்சுப்போடுறாங்கள். இவர் மண்டபம் எடுத்துத் தருவாராம், பேந்து அரசாங்கம் அவருக்கு வரியில குறைக்குமாம். அப்ப காசு ஆரின்ர? என்ர காசு! பேர் மட்டும் அவரின்ர!"

"அவர் வரியைக் கட்டினால் மட்டும் என்ன, றோட்டுப் பள்ளத்தை மூடப்போறாங்களோ?" என்றார் பொருளாளர்.

"மூடினாலும் மூடாட்டிலும் அது எல்லாருக்கும் சொந்தமான பள்ளம்!"

"தோழர், உம்மட மகளும்தானே ரீமில நிக்கிறாள்? மண்டபம் இல்லாட்டில் எங்கை விளையாடுறது, உம்மட பெட்டி ஓடுற பெல்ற்றிலயோ?"

"அதுக்காக? குடுக்கிறதெண்டால் சொந்தக் காசில குடுக்கட்டும். நானே வந்து கும்பிடுறன்."

விவாதம் நீண்டது. முடிவில் என் தலைமையில் தீர்மானம் நிறைவேறியது: பரிசளிப்பு விழாவில் கொடையாளருக்கு எந்த மரியாதையும் செய்வதில்லை. நன்றியை அவரவர் மனத்துக்குள் தெரிவித்துக்கொள்வது. பொன்னாடை முன்னரே வாங்கப்பட்டுவிட்டதால் அதை வீணாக்காமல் தலைவருக்குப் போர்த்துவது. கடைசிப் பகுதியை நான் எதிர்த்தேன். சபையின் பெரும்பான்மைக்குத் தலைவன் கட்டுப்பட்டவன் என்பதால் பிறகு ஏற்றுக்கொண்டேன்.

விழா நவம்பரில் நடந்தது. ரிசீற்றுக்காகத் தீர்மானத்துக்கு இணங்கிய செல்வந்தர் கடைசி வரிசையில், மேற்சட்டைகள் தொங்கும் கொழுவிகளுக்கு அருகே இருந்தார். மேடைக்குக் கீழே அவர் இருந்து நாங்கள் கண்டதில்லை. வருகிறவர்கள் எல்லாரும், "என்ன அண்ணை இஞ்சை இருக்கிறியள்?" என்று திகைத்தார்கள்.

"இண்டைக்கு நான் ஒருத்தருமில்லை" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். அதையும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார். அவரைப் படம் எடுக்கக்கூடாது என்று புகைப்படக்காரருக்குப் பணித்திருந்தோம். ஆனால் கமரா எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கத்துக்கு அவருடைய நாற்காலியும் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

கிண்ணங்கள் வழங்கப்பட்டன. செயலாளர் என் பெயரை அறிவித்தார். இரு பிள்ளைகள் தட்டில் பொன்னாடையை ஏந்தி வந்தார்கள். அரக்கு நிறம், அகலமான ஜரிகை. நான் எழுந்து முறைப்படி சற்றே தலை குனிந்தேன்.

"ஒரு நிமிசம்" என்றொரு குரல் கேட்டது. தோழர் மேடைக்கு வந்தார். தட்டிலிருந்த பொன்னாடையை எடுத்தார். என்னைக் கடந்து இறங்கினார். மண்டபத்தின் நடுவால் நடந்து கடைசி வரிசைக்குப் போனார்.

"எங்கட பிள்ளையளுக்கு மண்டபம் எடுத்துத் தந்த வள்ளலுக்கு, பெட்டி தூக்கிற தொழிலாளியள் சார்பில!" என்று முழங்கினார்.

நோக்கம் எனக்கு உடனே விளங்கியது. மரியாதை செய்தால் ரிசீற் போய்விடும். ரிசீற் போனால் சொந்தக் காசு. பகைவனுக்குப் பொன்னாடை போர்த்திப் பழிவாங்கும் முறையை நான் முதன்முதலில் அன்றுதான் கண்டேன். செல்வந்தருக்கும் விளங்கியிருக்கவேண்டும். அவருடைய கைகள் வேண்டாம் வேண்டாம் என்று ஆடின. ஆனால் கழுத்து அதற்கு முன்னரே குனிந்துவிட்டது. பல ஆண்டுப் பழக்கம். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. மேடையில் முதலாவதாகக் கைதட்டியவன் நான் என்பதைப் பலர் கவனித்திருப்பார்கள்.

விழா முடிந்ததும் வாசலில் மூவரும் சந்தித்தோம்.

"அண்ணை, இப்ப ரிசீற்?" என்றார் செல்வந்தர்.

"இனி எங்கத்தை ரிசீற்? சொந்தக் காசில குடுங்கோ அண்ணை, பெரிய மனுசன்தானே" என்றார் தோழர்.

"ரிசீற் இல்லையெண்டால் செக்கும் இல்லை." அதைச் சொல்லும்போதும் அவர் பொன்னாடையைக் கழற்றவில்லை.

அரங்கைக் கேட்டு வேறொரு குழு வரிசையில் நின்றது. திங்கட்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் அவர்களுக்குக் கொடுத்துவிடுவோம் என்று பாடசாலையில் சொல்லியிருந்தார்கள். செயலாளர் படிவத்தோடு என் வீட்டுக்கு வந்தார்.

"போடுங்கோ ஐயா கையெழுத்தை. ஆர் பாக்கப்போறாங்கள்?"

"நான் பார்த்தேன்" என்றேன்.

ஒரு பக்கம் ஒலிவாங்கியில் கொடுத்த வாக்கு. மறுபக்கம் ஒருநாளும் பொய்க்காத கையெழுத்து. சபை நடுவே பொன்னாடை போர்த்தியதைக் கண்ணால் கண்டுவிட்டு, பெறுமதியுள்ள எதுவும் வழங்கப்படவில்லை என்று எப்படி எழுதுவது? தோழரின் மகள் அழுகிறாள் என்றும், வீட்டில் தோழருக்குச் சோறு போடுவதை நிறுத்திவிட்டார்கள் என்றும் செய்தி வந்தது. இரண்டாவது செய்தி எனக்கு ஓரளவு ஆறுதல் தந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கணக்காளர் பெண்மணி மகளோடு வந்தார்.

"அன்னிக்கே சொல்ல வந்தேன் சார், மைக்கைப் பிடுங்கிட்டாரு. சின்ன மரியாதை எல்லாம் கணக்குலயே வராது. சால்வை, மாலை, கைதட்டல், ரெண்டு வார்த்தை புகழ்ச்சி, எல்லாமே சட்டத்துக்கு ஜீரோ சார்."

"பொன்னாடைகூடவா?"

"பொன்னாடைதான் சார் முதல்ல ஜீரோ."

"ஜரிகை வைத்தது."

"ஜரிகை வெச்சாலும்தான்."

நான் படிவத்தை மேசையில் விரித்துப் பேனாவை எடுத்தேன். என் அலுமாரியின் ஒரு தட்டு முழுவதும் எனக்குப் போர்த்தப்பட்ட பொன்னாடைகள் அடுக்கியிருந்தன. பூச்சி அரிக்காமலிருக்க இடையிடையே கற்பூர உருண்டைகள் வைத்திருந்தேன். அவற்றுக்கு எந்தப் பெறுமதியும் இல்லை என்று இப்போது நானே எழுத்தில் உறுதிசெய்யவேண்டும். அந்தச் சிறுமி சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்திட்டேன். உண்மைக்குத்தான் கையெழுத்திட்டேன். ஆனால் இத்தனை கசப்பான உண்மைக்கு அதற்கு முன்னர் நான் கையெழுத்திட்டதில்லை.

செல்வந்தருக்குத் தொலைபேசியில் அறிவித்தேன். ரிசீற் முழுத்தொகைக்கும் கிடைக்கும், எதுவும் கழிக்கப்படாது என்றேன். மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன்.

"பொன்னாடைக்கு ஒண்டும் கழிக்கேல்லையோ?"

"இல்லை."

"ஒரு டொலர்கூட இல்லையோ அண்ணை? சபையெல்லாம் எழும்பி நிண்டு கைதட்டினது! ஏதாவது கழியுங்கோ அண்ணை. நான் பாத்துக்கொள்ளுறன்."

சற்று நேரத்தில் தோழர் அழைத்தார். "ஐயா, ஒரு தொழிலாளி தன்ர கையால போத்தின பொன்னாடை. அதைக் கணக்கெடுக்காத அரசாங்கம் என்ன விசர் அரசாங்கம்?" வரி பற்றிய விவாதத்தில் அவ்விருவரும் ஒரே கட்சியில் நின்றது அந்த ஒருமுறைதான். சட்டத்தை மாற்றும் அதிகாரம் எனக்கில்லை என்று இருவருக்கும் சொன்னேன். காசோலை திங்கட்கிழமை காலையில் வந்து சேர்ந்தது.

பிள்ளைகள் உள்ளரங்கில் ஆடத் தொடங்கினார்கள். நல்ல இடம், ஆனால் உடைமாற்றும் மூலைக்குத் திரை இல்லை. அதைப் பற்றி வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது, மனைவி அலுமாரியைத் திறந்தார்.

"இஞ்சருங்கோ, இதுகளை எடுக்கட்டோ?"

"அவை எனக்கு..."

"பெறுமதி இல்லையெண்டு நீங்கள்தானே கையெழுத்துப் போட்டனீங்கள்? பேந்தென்ன?"

என் கையெழுத்தை நான் மறுத்ததில்லை. மனைவி பொன்னாடைகளை ஒன்றோடொன்று பொருத்தித் தைத்தார். திரை சுவருக்குச் சுவர் எட்டியது. கற்பூர வாசனை தை மாதம் வரை போகவில்லை. செல்வந்தர் ஆட்டம் பார்க்க வரும்போது குளிர்ச்சட்டைக்கு மேலே அந்த அரக்குப் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு வருவார். முன்வரிசையில் இருப்பார். தோழரின் மகள் பந்தை வளையத்துக்குள் இடும்போதெல்லாம் எழுந்து கைதட்டுவார், தோழர் எழமாட்டார்.

ஒருநாள் புதிதாக வந்த தகப்பன் ஒருவர் திரையின் ஜரிகையைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்ல துணி ஐயா. ஆர் குடுத்தது?"

"கழகத்தின்மீது அக்கறையுள்ள ஒருவர்."

"பேர் போடேல்லையே? ரிசீற் எண்டாலும் குடுத்தனீங்களோ?"

பெறுமதியற்ற பொருளுக்கு ரிசீற் வழங்க விதிகளில் இடமில்லை என்று அவருக்கு விளக்கினேன்.