பாலம் வரைக்கும்

“பாலத்தக்கா, பாலம் வந்துருச்சு!” நெரிசலுக்குள்ளிருந்து ஒருத்தி குரல் கொடுத்தபோதுதான் அந்தப் பெயர் முதன்முதலில் காதில் விழுந்தது. “தெரியுதுடி, எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?” என்று சன்னலோரத்திலிருந்து எழுந்தவளைப் பார்த்தால், எங்கள் சம்பந்தியம்மாவின் ஓரகத்தி, அந்த வீட்டு நாலாவது பிள்ளையைக் கட்டியவள். விசேஷ வீட்டில் வாயே திறக்காத பூனை, பேருந்துக்குள் புலியாக நின்றாள்.

ஆறு மணிப் பேருந்தில் ஒரு வழக்கம். முதல் நிறுத்தத்தில் ஏறுகிறவர்கள் பாலம் வரைக்கும் உட்காரலாம். பாலம் வந்ததும் எழுந்து, அதுவரை நின்று வந்தவர்களுக்கு இடம் விட வேண்டும். பாலம் வரைக்கும் ஒரு மணி நேரம்; அதற்குப் பிறகும் ஒரு மணி நேரப் பாதை இருக்கிறது. இது எந்தப் பலகையிலும் எழுதியில்லை. பதினொரு வருஷமாக இதைக் கட்டிக்காப்பவள் பாலத்தக்காதான். தூங்குவதுபோல் நடிக்கிறவர்களின் தோளில் குடைக்காம்பால் தட்டுவாள். “கனவுல வேணா உக்காந்துக்க. இப்ப எந்திரி.”

அவளுக்கு வேலை, பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு எடுக்க வேண்டும், ஒன்பது மணி நேரமும் நின்றபடி. அங்கே ஒரு முக்காலிகூடக் கிடையாது. வீடு திரும்பினால் அடுப்பும் பாத்திரமும் காத்திருக்கும். “எல்லாரும் வேலைக்குப் போறதுக்கு பஸ்ல உக்கார்றாங்க. நான் பஸ்ல உக்கார்றதுக்குன்னே வேலைக்குப் போறேன்” என்பாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தாலும் ஒரு மணி நேரத்தில் தானாக எழுந்துவிடுவாள். “ஏம்மா, நம்ம வீட்டுக்குள்ள யாரு பாலம் கட்டினது?” என்று கணவர் சிரிப்பார்.

சிரிப்பதற்கே அவருக்கு மூச்சு வாங்கும். நெஞ்சு நோய். சலவைக்கூடத்து ஆட்களின் குடும்பத்துக்கு ஆஸ்பத்திரி மாத்திரை இலவசம். எதிர்த்தெரு இஸ்திரிக் கடைக்காரர் பாதிச் சம்பளத்துக்கு அவளைக் கூப்பிட்டார். உட்கார்ந்து துணி மடிக்கிற வேலை. மகள் கெஞ்சினாள். “நாலு மணி நேரம் ரோட்டுலயே போகுதேம்மா. ஞாயித்துக்கிழமைய விட்டா உன் மூஞ்சியப் பகல்ல பாக்க முடியல.”

“அவரு துணிய மடிக்கச் சொல்லுவாரு. அப்பா நெஞ்சுக்கு மாத்திரை யாருடி மடிச்சுத் தருவா?”

இதற்கிடையில் முழங்கால் இரண்டும் வீங்கின. நிற்கவே கூடாது என்று டாக்டர் சொன்னாராம். “அதச் சொல்றதுக்கு என்னை முக்கா மணி நேரம் வரிசையில நிக்க வெச்சாரு!” பேருந்தே சிரித்தது. ஆனால் சலவைக்கூடத்து சூப்பர்வைசர் சிரிக்கிற ஆள் இல்லை. காலையில் வாசலில் நின்று ஒவ்வொருத்தியின் நடையையும் பார்ப்பார். நொண்டியபடி வந்த இரண்டு பேரை “ரெஸ்ட் எடுங்கம்மா” என்று நல்லபடியாகத்தான் அனுப்பினார். அவர்களை மறுபடி வேலைக்குக் கூப்பிடவேயில்லை.

போன மாதம் ஒருநாள் பாலம் வந்தது; பாலத்தக்கா எழவில்லை. கைகளை ஊன்றி எம்பிப் பார்த்தாள். முழங்கால்கள் பூட்டிக்கொண்டன. எதிரே நின்றவள் துணிக்கடை விற்பனைப் பெண். அவளும் நாளெல்லாம் நிற்பவள். “பரவால்லக்கா, உக்காருங்க” என்றாள். யாராவது நாலு வார்த்தை ஏசியிருந்தால் பாலத்தக்காவுக்கு மனசு ஆறியிருக்கும். கடைசி நிறுத்தத்தில் இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள்.

வாசலில் சூப்பர்வைசர் அவள் காலையே பார்த்தார். “என்னம்மா நடை ஒரு மாதிரி இருக்கு?”

“மரத்துப்போச்சு சார். உக்காந்தே வந்தேன்ல.”

மறுநாள் பேருந்தில் ஏன் உட்காரவில்லை என்று விசாரித்தவர்களிடம், “உக்காந்தாத்தானே எந்திரிக்கணும்?” என்று மட்டும் சொன்னாள்.

இப்போதும் அதே ஆறு மணிப் பேருந்தில்தான் போகிறாள். முதல் நிறுத்தத்தில் முதல் ஆளாக ஏறி, காலி இருக்கைகளை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய், கம்பியைப் பிடித்து நின்றுகொள்கிறாள்.