என் காலுக்கு ஒரு ஜோடி

இந்த ஊரில் ஜனங்கள் ஓடுகிறார்கள். வந்த புதிதில் என்னை மிகவும் குழப்பியது இதுதான். காலை ஏழரை மணிக்கு டீ டம்ளரோடு சமையலறை ஜன்னலருகே நிற்பேன். மழையில் நனைந்தபடி ஒரு பெண்மணி ஓடிப் போவார். அறுபது வயதாவது இருக்கும். முதல் நாள் பதறிப்போய்க் கதவைத் திறந்து தெருவை எட்டிப் பார்த்தேன். பின்னால் நாயும் இல்லை, முன்னால் பஸ்ஸும் இல்லை. ஆம்பூரில் ஒரு மனிதன் சாலையில் ஓடினால் இந்த இரண்டில் ஒன்று இருந்தே ஆக வேண்டும். அதுவும் இல்லையென்றால் ஃபேக்டரியில் இரண்டாவது சங்கு ஊதியிருக்க வேண்டும். இங்கே சும்மா ஓடுகிறார்கள். ஓடிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறார்கள். அடுத்த வருஷம் நானும் அப்படி ஓடுவேன் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

என் மனைவி எஸ்தர் நர்ஸ். இரண்டாயிரத்து மூன்றில் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் இந்தச் சிறு நகரத்து மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவள் ஊரான சத்துவாச்சாரியின் சர்ச்சில் எங்களுக்காக ஜெபம் பண்ணி அனுப்பியபோது, போதகர் அவள் பெயரை மூன்று தரம் சொல்லிவிட்டு, "அவர்கள் குடும்பத்தாரையும்" என்று முடித்தார். அந்தக் குடும்பத்தார் நான்தான். ஆம்பூரில் ஒரு ஏற்றுமதி ஷூ ஃபேக்டரியில் பதினோரு வருஷம் ஃபைனல் செக்கிங்கில் இருந்தவன். என் கை படாமல் ஒரு ஜோடியும் பெட்டிக்குள் போகாது. தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். ஜெயசீலன் வருகிறான் என்றால் லைனில் பேச்சு நிற்கும். இங்கே, படுக்கை விரிப்புகளை வெளுக்கிற ஒரு லாண்டரியில் வாரம் நான்கு நாள் வேலை. மெஷின் இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது; காதை அடைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கம் நிற்போம். எஸ்தர் வீட்டுக்கு வரும் நேரம் நான் கிளம்பும் நேரம். சில நாட்களில் நான் வாய் திறந்து பேசியது பஸ் டிரைவரிடம் சொன்ன ஒரு தாங்க் யூ மட்டும்தான். தனிமை என்பதை அதுவரை பெரிய சொல்லாக நினைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்க ஒரு ஆள் இல்லாதது, அவ்வளவுதான் அது. ஆனால் தினமும் இல்லாமல் இருப்பது.

ஊர் நூலகத்தின் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பூங்காவில் ஏரியைச் சுற்றி ஓட்டம், யார் வேண்டுமானாலும் வரலாம், முடிந்ததும் டீ உண்டு. அந்தக் கடைசி வரிக்காகப் போனேன். பதினைந்து பேர் இருந்தார்கள். டெரிக் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர் எல்லோருக்கும் பின்னால் ஓடுவார். கடைசி ஆளைத் தனியே விடாமல் கூட வருவது அவர் பொறுப்பு. கடைசி ஆள் எப்போதும் நான். அதனால் வாரத்தில் நாற்பது நிமிஷம் எனக்கென்று ஒரு மனிதர் கிடைத்தார். அவர் பேச்சில் பாதி எனக்குப் புரியாது, என் பேச்சில் பாதி அவருக்குப் புரியாது. ஆனால் "ஜே" என்று பெயர் வைத்துக் கூப்பிடுவார். வியாழக்கிழமையே சனிக்கிழமையை நினைக்கத் தொடங்கிவிடுவேன். லாண்டரிக்குப் போடுகிற தடித்த ஷூவோடுதான் ஓடினேன். மூன்றாவது வாரம் டெரிக் அதைப் பார்த்துத் தலையாட்டினார். ஓடுவதற்கென்று ஒன்று வாங்கு, இல்லாவிட்டால் முழங்கால் போய்விடும், அப்புறம் உன்னால் வர முடியாது என்றார். வர முடியாது என்ற வார்த்தை பயமுறுத்திவிட்டது. அன்று மதியமே கடைக்குப் போனேன்.

ஓடுகிறவர்களுக்கென்றே நடத்துகிற கடை. இருபது வயதுப் பெண் ஒருத்தி, கோடு கோடாக அளவு பொறித்த உலோகத் தட்டு ஒன்றை எடுத்து வந்து என் முன்னால் மண்டியிட்டு, குதிகாலைப் பிடிக்கக் கை நீட்டினாள். நான் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன். காலைத் தொட ஒருவர் குனிந்தால் நம் உடம்பு நம்மைக் கேட்காமலே எழுந்துவிடுகிறது. அவள் முகம் சிவந்துவிட்டது. பெண்பிள்ளை தொடுவது எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து மன்னிப்புக் கேட்டாள். மேனேஜரை அழைக்கட்டுமா, அவர் ஆண் என்றாள். உன்னைக் குறைவாக நினைக்கவில்லை அம்மா, உன்னைக் குனிய வைத்ததுதான் கூச்சம் என்று சொல்ல என்னிடம் இங்கிலீஷ் இல்லை. அதற்குப் பதிலாக வாயில் வந்தது வேறு. "ஐ நோ ஷூஸ்," என்றேன். பதினோரு வருஷம் ஃபேக்டரி, என் அளவு நாற்பத்திரண்டு, உங்கள் கணக்கில் எட்டு, அளக்க வேண்டாம் என்று கெத்தாகச் சொல்லிவிட்டேன்.

போட்டுப் பார்த்தால் முன்பக்கம் இறுக்கியது. என் பாதம் விரல் பக்கம் அகலம். ரப்பர் செருப்பிலேயே வளர்ந்த கால் வேறு எப்படி இருக்கும். அகலமான அளவு இருக்கிறது, கொண்டு வரட்டுமா என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். வேண்டாம் என்றேன். எங்கள் பக்கத்து ஆள் யாரானாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார். தோல் போடப் போட இளகிக் காலுக்கு வந்துவிடும். முதல் நாள் இறுக்காத ஷூ இரண்டாம் மாதம் லொடலொடவென்று ஆகிவிடும். இதை எத்தனை மாப்பிள்ளைகளுக்குச் சொல்லி எத்தனை கல்யாண ஷூ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எனக்குத் தோன்றாமல் போனது ஒன்றுதான். அந்த ஷூவில் தோலே கிடையாது. வலைத்துணியும் பிளாஸ்டிக்கும் ரப்பரும். ஒரு நூல் விலகினால் கண்டுபிடிக்கிறவன், கையில் பிடித்திருப்பது எதில் செய்தது என்று பார்க்காமல் வாங்கி வந்தேன்.

அது இளகவில்லை. நான்கு சனிக்கிழமை ஓடினேன். சுண்டுவிரல் தோல் உரிந்தது, பெருவிரல் நகம் கறுத்தது. எஸ்தர் பார்த்தால் திட்டுவாள் என்று வீட்டிலும் சாக்ஸைக் கழற்றவில்லை, குளிர்கிறது என்றேன். ஏரியை ஒரு சுற்றுச் சுற்றும்போதே கண்ணில் தண்ணீர் வரும். "ஆல் ரைட், ஜே?" என்பார் டெரிக். "ஃபைன், ஃபைன்," என்பேன். வலிக்கிறது என்றால் ஓடாதே, வீட்டில் இரு என்பார்களே. வீட்டில் இருந்து என்ன செய்வது?

நான்காவது சனிக்கிழமை பாதி வழியில் கால் நின்றுவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். சாக்ஸ் சிவப்பாக இருந்தது. டெரிக் அதைப் பார்த்து, எவ்வளவு நாளாக இப்படி என்றார். முதல் நாளிலிருந்தே என்றேன். கோபமாகவே கேட்டார்: "நான் ஒவ்வொரு வாரமும் கேட்டேனே. ஏன் சொல்லவில்லை?"

தொண்ணூற்றெட்டிலோ ஒன்பதிலோ நடந்தது ஒன்று ஞாபகம் வந்தது. ஃபேக்டரிக்குச் சரக்கு வாங்குகிற ஒரு ஜெர்மன் பையர் வந்திருந்தார். சாம்பிள் ஷூவை ஒருவர் காலில் போட்டு நடக்க விட்டுப் பார்ப்பார்கள்; சரியாக இருந்தால்தான் ஆர்டர். அதற்கென்றே டிஸ்பாட்ச் பாஸ்கரன் இருந்தான். வெள்ளைக்காரக் கால், ஒல்லியாக. அன்று அவன் தங்கைக்குக் கல்யாணம் என்று லீவு. நாற்பத்திரண்டு யார் என்று தேடி என்னைப் பிடித்துவிட்டார்கள். போட்ட உடனே விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. ஹாலில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தேன். தையல் லைனில் பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு என் காலையே பார்த்தார்கள். இரண்டு மாதமாக வேலை கம்மி. பாதிப் பேர் வீட்டில் இருந்தார்கள். பையர் குனிந்து பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்தினார். "பெயின்?" என்றார். சிரித்துக்கொண்டே, "நோ சார், வெரி கம்ஃபர்ட்டபிள்," என்றேன். ஆர்டர் வந்தது. எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். அன்றைக்கு அது தேவையாக இருந்தது. பிறகு அது எனக்குப் பழகிவிட்டது. ஊரிலிருந்து யார் போன் பண்ணினாலும் அதே சிரிப்பு, அதே பதில்.

டெரிக்கிடம் இதையெல்லாம் சொல்ல வரவில்லை. "எனக்கு சனிக்கிழமை வேண்டும்," என்று மட்டும் சொன்னேன். அவருக்கு என்ன புரிந்ததோ, காலண்டர் கேட்கிறேன் என்று நினைத்தாரோ, என் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு தன் காரிலேயே கடைக்குக் கூட்டிப் போனார்.

அதே பெண்தான். இந்த முறை நானே தட்டில் காலை வைத்தேன். அவள் குனிந்தபோது உடம்பு எழப் பார்த்தது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு காலையும் அளந்தாள். பழைய ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தைத் துண்டை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நிற்கச் சொன்னாள். சுண்டுவிரல் பக்கம் பாதம் துண்டுக்கு வெளியே வழிந்துகொண்டிருந்தது. நாங்கள் ஃபேக்டரியில் செய்கிற அதே சோதனை. வெட்கமாகப் போய்விட்டது. ஃபோர் ஈ என்ற அகலத்தில், அரை அளவு பெரிதாக ஒன்று கொண்டு வந்தாள். பார்க்க ரொட்டி மாதிரி உப்பலாக, அழகே இல்லை. செக்கிங்கில் நான் முகம் சுளித்திருப்பேன். கால் உள்ளே போனதும் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து படுத்தன. பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம். புண் ஆறும்வரை ஓடாதே, ஆனால் டீக்கு வந்தே ஆக வேண்டும் என்று டெரிக் உத்தரவு போட்டார். அந்த உத்தரவைக் கேட்டு அழுகை வந்துவிட்டது. சாக்ஸை இழுத்துவிடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அடுத்த நாள் அமானுல்லாவுக்கு போன் பண்ணினேன். ஃபேக்டரியில் சாம்பிள் ரூமில் இருப்பவன், என் தோஸ்த். பதினோரு வருஷமும் காலை டீ அவனோடுதான்.

"இன்னாடா சீலா, எப்படி இருக்க?"

"நல்லா..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன். "இல்லடா. நல்லா இல்ல. பேசறதுக்கு ஆளே இல்ல. ரொம்ப பேஜாரா இருக்கு." கால் கதையையும் சொன்னேன்.

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"தெரியும்டா," என்றான். "அன்னிக்கு பையர் முன்னாடி நடந்துகிட்டே சிரிச்சியே, அதே சிரிப்பு தான் போன்ல ஒரு வருஷமா கேக்குது. நீயா சொல்லுவன்னு இருந்தேன்."

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நீ போனதுலேருந்து நான் டீக்கே போறதில்லடா. ரூமுக்கே வரவெச்சு குடிச்சிடறேன்," என்றான். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "சரி, பேப்பர்ல காலை வெச்சு வரைஞ்சு அனுப்பு. ஆம்பூர்காரன் காலுக்கு ஆம்பூர்ல ஒரு ஜோடி இல்லன்னா அசிங்கம். சர்ச்சுக்குப் போட்டுட்டுப் போவ. நல்ல தோலா போடறேன்," என்றான்.

கால் வரைவதில் ஒரு சிக்கல் உண்டு. தன் காலைத் தானே வரைய முடியாது. குனிந்தால் பாரம் முன்னே போகும், பாதத்தின் வடிவம் மாறிவிடும். நேராக நிற்க வேண்டும். இன்னொருவர் வரைய வேண்டும். ஊரில் நானும் அவனும் ஒருவருக்கொருவர் வரைந்துகொள்வோம். எஸ்தருக்கு அந்த வாரம் முழுக்க ட்யூட்டி. சனிக்கிழமை டீக்குப் போனபோது இரண்டு தாளும் பென்சிலும் எடுத்துப் போய் டெரிக்கைக் கேட்டேன். முழங்கால் முறிகிற சத்தத்தோடு அவர் தரையில் உட்கார்ந்தார். கால் கூசியது. அசையாமல் நின்றேன். விரல் விரலாகப் பென்சிலை ஓட்டி மெதுவாக வரைந்தார்.

"இது எங்கே போகிறது?"

"வீட்டுக்கு," என்றேன்.

அவர் முகம் மாறியது. "அப்படியென்றால் நீயும் போகிறாயா?"

"இல்லை. கால் மட்டும்."

வேடிக்கை என்று நினைத்து அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். தாள்களை மடித்து உறையில் போட்டு, இந்தியாவுக்கு எவ்வளவு தபால்தலை ஒட்ட வேண்டும் என்று பழைய தபால்காரரே சொன்னார்.

இரண்டு வாரம் கழித்துப் புண் ஆறியது. புது ஷூவோடு ஏரியைச் சுற்றினேன், வலி இல்லை. டெரிக் பக்கத்தில் வந்துகொண்டே கேட்டார்: "என்ன ஜே, உன் கால்கள் போய்ச் சேர்ந்துவிட்டனவா?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஊரில் இப்போது மதியம். சாம்பிள் ரூமில் அமானுல்லா அந்தத் தாளை உள்ளங்கையால் நீவி மேஜைமேல் விரித்திருப்பான்; பக்கத்தில் டீ ஆறிக்கொண்டிருக்கும். "சேர்ந்திருக்கும்," என்றேன். மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் இருவரும் எல்லோருக்கும் பின்னால், புறப்பட்ட இடத்தை நோக்கி மெதுவாக ஓடிக்கொண்டிருந்தோம்.