வரப்பில் நடந்த காந்தத் துடிப்பு

நிலையக் கையேட்டின் நான்காவது விதி: உணர்கருவிக்கு ஐம்பது மீட்டருக்குள் இரும்பு எதுவும் வரக்கூடாது. அதை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். அதனால் மரக்காணம் காந்தப்புல நிலையத்தில் வேலிக்கால்கள் சவுக்கு, கட்டியது தென்னங்கயிறு, திருகாணிகள் பித்தளை. வேலியை ஒட்டிப் போன உப்பள வரப்பை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. அதில் போனவர்கள் சுமந்தது மூங்கில் கூடை.

சூரியனிலிருந்து வரும் காற்று தொந்தரவு செய்தால் பூமியின் காந்தப்புலம் இருபது முப்பது விநாடிக்கு ஒருமுறை லேசாக ஏறி இறங்கும். அந்தத் துடிப்பை உடனுக்குடன் பிடித்துத் தலைமையகத்துக்கு எச்சரிக்கை அனுப்புவது எங்கள் கம்ப்யூட்டரின் வேலை. சுனாமிக்கு அடுத்த கோடையில் அது காலை வேளைகளில் எச்சரிக்கை அனுப்பியது.

மேலதிகாரி போன் செய்தார். "உங்க ஸ்டேஷன்ல மட்டும் சூரியன் ஏழு மணிக்கு டூட்டிக்கு வருது சார். ஞாயித்துக்கிழமை லீவு வேற."

மறுநாள் ஏழு மணிக்கு வரப்பில் போய் நின்றேன். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக உப்புச் சுமையோடு வந்தார்கள். ஒரு சுமையை நிரப்பித் தலையில் தூக்கிவிட ஓர் ஆளுக்கு இருபத்தைந்து விநாடி பிடிக்கிறது. அதே இடைவெளியில் அவர்கள் வேலியைக் கடந்தார்கள். கூடைகளைக் கடல் கொண்டுபோயிருந்தது. நிவாரணமாகக் கிடைத்தவை சட்டிகள்.

முன்னால் வந்த அம்மாவிடம் கேட்டேன்: "இது இரும்பாம்மா?"

"பின்ன தங்கமாங்க சார்?"

"நீங்க இப்படிப் போனா சூரியன்ல கோளாறுன்னு என் மெஷின் சொல்லுது."

"அடியே, நாம நடக்கறது சூரியனுக்கே தெரியுதாம்டி! மேஸ்திரிக்குத்தான் தெரிய மாட்டேங்குது."

"அந்தப் பக்கத்து வரப்புல சுத்திப் போக முடியுமா?"

"சுத்திப் போனா பாதி உப்பு அள்றதுக்குள்ள வெயிலு ஏறிடும். ஒரு நடை நீங்க தூக்கிப் பாருங்க, அப்புறம் பேசலாம்."

நான் தூக்கவில்லை. நிலையத்துக்குத் திரும்பி, நடந்ததை மேலதிகாரியிடம் போனில் சொன்னேன்.

"பாதையை அடைச்சிடுங்க" என்றார்.

வாய்மொழி உத்தரவை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்பதும் விதிதான். எழுதிக் கேட்டேன். உணர்கருவியை வரப்பிலிருந்து தள்ளி வைக்கலாம் என்று அதிலேயே யோசனையும் சொன்னேன். பதில் வரும்வரை பாதை திறந்தே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர்கள் நடக்கும் நேரத்தைப் பதிவேட்டில் குறித்து, அந்த நேரத்துப் பதிவுகளை ஒதுக்கினேன். தினமும் இரண்டு மணி நேரம் சூரியன் என்ன செய்தாலும் எங்களுக்குத் தெரியாது. அது சரியான முறை இல்லை என்று எனக்கும் தெரியும்.

மூன்று நினைவூட்டல் போட்டேன். பதில் இல்லை. உப்பு யாரையும் எழுதிக் கேட்கவில்லை. ஐப்பசி மழைக்குள் சட்டிகளின் அடி துருப்பிடித்து உதிர்ந்தது. அடுத்த உப்புப் பருவத்தில் எல்லார் தலையிலும் மூங்கில் கூடை. எச்சரிக்கை நின்றது, பதிவேட்டில் நான் ஒதுக்கிய நேரமும் நின்றது.

பதிலும் வந்தது. பரிசோதனைக்கு ஒரு சட்டியை மாதிரியாக அனுப்ப வேண்டுமாம். முடிவு தெரியும்வரை பாதையை அடைக்க வேண்டாமாம். வந்த தேதியை உறையின் மேல் நானே எழுதினேன்: 2006, ஆடி முதல் தேதி.