சம்பந்தி வீட்டுத் தண்ணீர்

என் அக்கா தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். மோட்டாரை ஓடவிட்டு, குழாயில் தேங்கியதெல்லாம் போன பிறகு, பாட்டிலைத் தானே அலசித் தானே பிடிப்பாள். அடுத்தவர் பிடித்துத் தந்தால் வாங்கமாட்டாள். ஆபீசில் அவளுக்கு 'பாட்டில் போலீஸ்' என்று பெயர்.

மகளைக் கொடுத்த வீட்டில் புதிதாகப் போர்வெல் போட்டார்கள். அந்தத் தண்ணீர் தோட்டத்துக்கும் குடிக்கவும் ஆகுமா என்று பார்க்க அக்கா போனாள். கைக்குழந்தையான பேத்தியை அவள் கொஞ்சிக்கொண்டிருந்தபோது, சம்பந்தியம்மா பையிலிருந்த பாட்டிலை எடுத்துப்போய் நிரப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

"உங்களுக்கு எதுக்குச் சிரமம் சம்பந்தி? நானே பிடிச்சுட்டேன்."

வேண்டாம் என்றால் சம்பந்தியை நம்பவில்லை என்று ஆகிவிடுமே. வாங்கிக்கொண்டாள்.

சோதித்தால் உப்பே இல்லை. அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு நிலத்தடி நீர் கிடையாது. வேறு யாருடையதாக இருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பாள். மகள் வீடு, நல்ல ஊற்று என்று நினைக்கத்தான் ஆசையாக இருந்தது. குடிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டாள். அங்கே கேன் தண்ணீர் வாங்குவதை நிறுத்தினார்கள். பேத்திக்குப் பால்பவுடர் கரைப்பதும் போர்த் தண்ணீரில்தான்.

அடுத்த வாரம் அவர்களுடைய பக்கத்து வீட்டுத் தண்ணீர் சோதனைக்கு வந்தது. நைட்ரேட் எகிறியிருந்தது. கைக்குழந்தை நீலம் பாரித்துப்போகும் அளவு. அக்கா வேலையைப் போட்டது போட்டபடி ஓடினாள்.

"காய்ச்சித்தானே குடுக்கறோம்?" என்றார் சம்பந்தியம்மா.

"காய்ச்சினா அது போகாது. தண்ணி சுண்டி இன்னும் கூடத்தான் செய்யும்."

அன்றைக்கு எதைப் பிடித்தீர்கள் என்று அக்கா கேட்கவில்லை. "தப்பு என்னோடது. பாட்டிலை நான் பிடிச்சிருக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

சம்பந்தியம்மாவுக்கு முகம் செத்துப்போனது. "கேன் தண்ணிதான் ஊத்தினேன், சம்பந்தி. போர்ல மஞ்சளா வந்துச்சு. பொண்ணு குடுத்த இடம் இப்படியான்னு நினைச்சுடுவீங்களேன்னு…"

மகள் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "ரெண்டு பேரும் மரியாதை பார்த்தது போதும். மோட்டாரைப் போடுங்க."

இந்த முறை அக்காவே பிடித்துச் சோதித்ததில், தோட்டத்துக்கு விடலாம், குழந்தைக்கு ஆகாது என்று முடிவு வந்தது. குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். பழைய அறிக்கையை ரத்து செய்யச் சொல்லி அக்கா மேலதிகாரி முன்னால் போய் நின்றாள். காரணம் கேட்டாராம்.

"சம்பந்தி வீடு சார்."

அவர் சிரித்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை என்றாள் அக்கா.

கடல் தாண்டி இருக்கும் எனக்கு வீடியோ காலில் இதைச் சொல்லும்போது, அக்கா முகத்தைக் காட்டாமல் போனைக் கூரையைப் பார்த்து வைத்திருந்தாள். மின்விசிறி மட்டும் தெரிந்தது.