காலிக் குடங்களோடு அடித்த கும்மி

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் மழை அறவே பொய்த்துப் போனது. கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்த எனக்கு அது இரண்டாவது கோடை. எங்கள் தெருக்குழாயில் மாசியில் நின்ற தண்ணீர் ஆனி பிறந்தும் வரவில்லை. பொதுக்கிணற்றில் வாளியை விட்டால் சேறுதான் வந்தது. விடியற்காலையில் எழுந்து, மலை சுற்றும் பாதையோரம் இருந்த ஒரு பம்புசெட்டுக்குக் குடத்தோடு நடப்போம். கரண்ட் இல்லாத நாளில் வெறுங்குடத்தோடு திரும்புவோம்.

எதிர்வீட்டு அக்காவுக்கு அந்த வழியும் இல்லை. அவள் வீட்டுக்காரர் லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் படுத்திருந்தார். அவரை விட்டுவிட்டு அவளால் அவ்வளவு தூரம் போக முடியாது. அவர் முதுகில் படுக்கைப்புண். தினமும் கழுவித் துடைக்கச் சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் அனுப்பியிருந்தார்கள். நாங்கள் ஆளுக்கொரு சொம்பு ஊற்றுவோம். எங்களுக்கே இல்லாத நாளில் அவள் யார் கதவையும் தட்ட மாட்டாள். புண்ணின் வாடை தெருவுக்கு வரும். அதைப் பற்றி யாரும் பேச மாட்டோம்.

அந்த வெயிலில்தான் பள்ளிக்கூட மைதானத்தில் நாலைந்து நாள் வட்டாரக் கலை விழா நடத்தினார்கள். கூத்து, கரகம், பொய்க்கால் குதிரை எல்லாம் உண்டு. பெரிய மேடையில் நிகழ்ச்சி தொடங்குமுன் ஒவ்வொரு தெருவும் தங்கள் தெருவிலேயே ஏதாவது செய்யலாம், ஜில்லாத் தலைநகரான வேலூரிலிருந்து வரும் அதிகாரி சுற்றிப் பார்ப்பார், நன்றாகச் செய்பவர்களுக்குக் கோப்பை உண்டு என்று வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு சொல்லிப் போனார்கள். எங்கள் தெரு ஆண்கள் மாறுவேடப் போட்டி வைக்கலாம் என்றார்கள். பெண்களுக்குக் கோபம்தான் வந்தது. குடிக்கத் தண்ணீரில்லாத ஊரில் விழா எதற்கு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்போம் என்றேன் நான்.

அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "மனு குடுத்தா வாங்கி வெச்சுக்கறாங்க. கும்மி அடிச்சா நின்னு பார்ப்பாங்க இல்ல?" என்றாள்.

அவள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடி அண்ணாமலைக் கிராமத்தில் பிறந்தவள். கும்மிப் பாட்டு அவளுக்குத் தானாக வரும். வீட்டுக்காரர் படுத்த பிறகு அவள் பாடி நாங்கள் கேட்டதில்லை. கணவரைத் துடைத்துக்கொண்டே பாட்டைக் கட்டினாள்.

*மலையெல்லாம் தீபம் எரியுற ஊருல*
*மடக்குத் தண்ணிக்கு அலையறோம் பாருங்க*

விழா தொடங்கிய நாள் சாயங்காலம் குழாயடியில் காலிக் குடங்களை அடுக்கி, அதைச் சுற்றிக் கும்மியடித்தோம். ஜீப் வந்து நின்றது. அதிகாரி இறங்கிக் கடைசிவரை பார்த்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். குடங்களை வைத்து ஆடுவது புதுமையாக இருக்கிறது, இதை அவசியம் மேடையிலும் ஆட வேண்டும், குடங்களை மறக்காமல் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேண்டாம் அக்கா என்றேன். அவள் தன் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மேடையில் கண் கூசும் விளக்குகள். ஆடி முடித்ததும் அதிகாரி கோப்பையை நீட்டினார். அக்கா அதை வாங்கவில்லை. நேராக மைக்குக்குப் போனாள்.

"ஐயா, இது ஆட்டம் இல்லீங்க. இந்தக் குடம் நெஜமாவே காலிங்க. மாசிலேர்ந்து எங்க தெருவுல தண்ணி வரலீங்க. என் வீட்டுக்காரருக்குப் புண்ணு கழுவத் தண்ணி இல்லீங்க."

அவள் குடத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். அதைக் கேட்டு மைதானமே கைதட்டியது. பாட்டின் முடிவு இதுதான் என்று நினைத்துவிட்டார்கள். அதிகாரியும் சிரித்த முகமாய்த் தட்டினார். அக்கா கவிழ்த்த குடத்தோடு அவர்களைப் பார்த்தபடி நின்றாள். நான்தான் போய் அவள் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டி வந்தேன்.

நகராட்சியில் யாருக்கோ உறைத்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் தண்ணீர் லாரி வந்தது. விழா முடியும்வரை வந்தது. அந்தச் சில நாட்களும் அக்கா வீட்டுக்காரரை நன்றாகக் கழுவி, வெளுத்த வேட்டி மாற்றிப் படுக்க வைத்தாள். மேடையைப் பிரித்தார்கள். லாரியும் நின்றுவிட்டது. நாங்கள் நகராட்சிக்குப் போய்க் கேட்டோம். டீசல் இல்லை என்றார்கள், பிறகு வண்டி ரிப்பேர் என்றார்கள்.

ஆடி மாசத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. புண்ணிலிருந்து விஷம் ஏறிவிட்டதாக டாக்டர் சொன்னார். இரண்டொரு நாளில் போய்விட்டார். குளிப்பாட்ட எல்லா வீட்டிலிருந்தும், இருந்ததை வழித்துக்கொண்டு வந்தோம். அவள் வாசலில் குடங்கள் வரிசையாக நின்றன. பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"இது போதும். மீதிய எடுத்துட்டுப் போங்க, கொழந்தைங்களுக்கு ஆவும்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

காரியம் முடிந்ததும் பெங்களூரில் கட்டட வேலை செய்த அவள் தம்பி அவளைத் தன்னோடு கூட்டிப் போக வந்தான். பஸ் ஸ்டாண்டுவரை நானும் போனேன். அங்கே எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"மேஸ்திரி போட்டுக் குடுத்த லைன் வீட்டாண்ட தண்ணி பைப்பு இருக்குதாம். அது போதும்மா."

பஸ் புறப்பட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.